வேன்காரக் கமலவேணியின் வயிறு

மலாக்கா மாநிலத்துச் செலண்டார் வட்டாரத்தில் பள்ளி வேன் ஓட்டும் கமலவேணியை ஓரிடத்தில் நிலையாக உட்காரவைக்க யாராலும் முடிந்ததில்லை. கல்யாண வீட்டில் தாலி ஏறிய கையோடு வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவாள். தொலைக்காட்சியில் நாடகம் ஓடும்போது விளம்பரம் வந்தால் போதும், எழுந்து போய்ப் பின்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். "உன் காலுல யாரோ சக்கரம் மாட்டி விட்டுட்டாங்க லா," என்பான் கணவன் சேகரன். அவன் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எதற்கும் அவசரப்பட மாட்டான்.

அவள் அப்படி அலைபாய்வதற்குப் பாதிக் காரணம் வயிறு என்பது அவனுக்கே வெகுகாலம் தெரியாது.

விடியுமுன் எழுந்து, கோப்பி குடித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போவாள். வயிறு கல்லாகக் கனக்கும். வந்துவிடும் போலவே இருக்கும், வராது. நெற்றி வியர்க்க முக்கிப் பார்ப்பாள். அதற்குள் தாமான் குடியிருப்பு வாசலில் முதல் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு நிற்கும் காட்சி மனசுக்குள் வந்துவிடும். அப்படியே எழுந்துவிடுவாள். தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு உடனே இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட வேண்டும். மதியம் மறுபடியும் அதே பாதை. நடுவில் எப்போதாவது வயிறு கூப்பிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிவிடுவாள்.

அடக்குவது அவளுக்குப் புதிதல்ல. தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். லயத்துக்குப் பின்னால் எல்லாருக்கும் பொதுவான கக்கூஸ் வரிசை. பெண்கள் பக்கத்துக் கதவில் கொக்கி கிடையாது. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்தபடிதான் உட்கார வேண்டும். வெளியே காலடி கேட்டால் உடம்பு முழுக்க இறுகிவிடும். பத்து வயதிலேயே நாளெல்லாம் அடக்கி வைக்கக் கற்றுக்கொண்டாள். அதை ஒரு திறமை என்றே நினைத்திருந்தாள்.

சில வாரம் முழுக்கவே ஓரிரு தடவைதான் போவாள். வயிறு உப்பி, அடிவயிற்றைப் பிழிவதுபோல வலிக்கும். போனபிறகு கொஞ்சம் அடங்கும். இதையெல்லாம் அவள் வயசுக் கோளாறு என்று தள்ளி வைத்திருந்தாள், அண்ணன் நாகமுத்து சாகும்வரை. அவருக்கு இரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று நினைத்துக் களிம்பு பூசிக்கொண்டே இருந்திருக்கிறார். குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது கல்லீரல் வரைக்கும் போயிருந்தது. அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து கமலவேணிக்கு வயிற்றில் எழுந்த ஒவ்வொரு வலியும் அண்ணனின் வலியாகவே பட்டது.

அதன்பிறகு ஓட்டம்தான். செலண்டாரில் ஒரு தனியார் கிளினிக், அங்கே கொடுத்த மாத்திரை இரண்டு நாளில் பிடிக்கவில்லை என்று ரெம்பியாவில் இன்னொன்று. சீன மருந்துக்கடையில் ஒரு தேயிலைப் பொட்டலம். அது வயிற்றைப் பிசைந்து தண்ணீராக வெளியேற்றிவிட்டு, மறுநாள் பழையபடி அடைத்துக்கொண்டது. கைப்பேசியில் யாரோ தவிடு சாப்பிடச் சொன்னார்கள் என்று பாலில் கலந்து குடித்தாள். வயிறு பலூனாக ஊதிப்போய் வேன் ஸ்டியரிங்கில் முட்டியது. ஒன்றைத் தொடங்கிய வாரமே அடுத்ததைத் தேடினாள்.

கடைசியில்தான் அரசாங்க கிளினிக்கில் டாக்டர் ஸுஹாவிடம் வந்து சேர்ந்தாள். மலாக்கா நகரத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். முப்பதைத் தாண்டியிருப்பார். கமலவேணி உட்காருவதற்கு முன்னாலேயே, "டாக்டர், எனக்கு ஸ்கேன் எழுதிக் குடுங்க, நல்ல ஸ்ட்ராங்கா ஒரு மருந்தும் குடுங்க. பிள்ளைங்கள ஏத்தப் போகணும்," என்றாள்.

"உக்காருங்க அக்கா. மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி, எதை நிறுத்தணும்னு பார்ப்போம்," என்றார் ஸுஹா.

அவர் கேட்ட கேள்விகள் கமலவேணிக்கு விசாரணை மாதிரி இருந்தன. இரத்தம் போகிறதா? எடை குறைந்ததா? தூக்கத்தில் வலி எழுப்புகிறதா? போனபிறகு வலி குறைகிறதா, கூடுகிறதா? வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாள்? இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, உடம்பு அசதிக்கு ஃபார்மசியில் தானாக வாங்கிய இரும்புச்சத்து ஒன்று. இரண்டுமே மலத்தை இறுக்கக்கூடியவை என்றார் ஸுஹா. அழுத்த மாத்திரையை வேறு வகைக்கு மாற்றினார். இரத்தம் குறைவாக இருக்கிறதா என்று தெரியாமல் இரும்பு வேண்டாம் என்று அதை நிறுத்தினார். தைராய்டும் சேர்த்து இரத்தப் பரிசோதனை எழுதினார்.

அண்ணனைப் பற்றிச் சொன்னபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கூடப் பிறந்தவருக்கு வந்திருக்கு, உங்க வயசும் அப்படி. எல்லாருக்கும் குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்க மாட்டோம். உங்களுக்குப் பார்க்கணும்."

பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பரிசோதனை நடந்தது. குடல் சுத்தம், கட்டி இல்லை, புண் இல்லை. இரத்தத்திலும் கோளாறு ஏதும் இல்லை. சேகரன் கார் நிறுத்துமிடத்திலேயே சாமி கும்பிட்டான். கமலவேணிக்கு நிம்மதி அன்று சாயங்காலம் வரைகூட நீடிக்கவில்லை.

"ஒண்ணுமில்லன்னா அப்ப எதுக்குங்க வலிக்குது? எனக்கென்ன பைத்தியமா?" என்று வீட்டுக்குள் நடந்துகொண்டே கேட்டாள்.

அடுத்த முறை கிளினிக்கில் அதையே கேட்டபோது ஸுஹாவிடம் பதில் இருந்தது. "யாரும் ஒண்ணுமில்லன்னு சொல்லல அக்கா. குடல் பார்வைக்கு நல்லா இருக்கு, ஆனா வேலை செய்யுற விதம் சரியில்ல. வலியும் அதிகமா உணருது. எரிச்சல் குடல்னு பேரு. உங்களுது மலச்சிக்கல் வகை." இசப்கோல் உமியைக் கொஞ்சத்திலிருந்து தொடங்கி மெல்லக் கூட்டச் சொன்னார், தவிடு வேண்டாம், அது உப்பசத்தைக் கூட்டும் என்றார். அதோடு தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஒரு தூள். அது குடலைச் சுண்டி இழுக்காது, தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும். தினமும் குடிக்க வேண்டும், பலன் தெரியக் கொஞ்ச நாளாகும். வெங்காயம், பூண்டு, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டுமா என்று கமலவேணி கேட்டபோது சிரித்தார். "அதெல்லாம் அப்புறம். ஒரே நேரத்துல நாலு மாத்தினா, எது கேட்டுச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

கொஞ்ச நாளாகும் என்ற சொல்தான் கமலவேணிக்கு ஒத்துவரவில்லை. மூன்றாம் நாள் காலை, வேன் நிறையப் பிள்ளைகளோடு போகும்போது வயிறு கடமுடவென்று உருண்டது. நடுப்பாதையில் வந்துவிட்டால்? ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறு பக்கம் ரப்பர்த் தோட்டம், எங்கே போய் நிற்பது? அன்றிலிருந்து பள்ளி நாட்களில் தூளைத் தொடாமல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மடங்கு கரைத்துக் குடித்தாள். கிளினிக்கில் கேட்டபோது, "ஒழுங்கா குடிக்கிறேன் டாக்டர், கேக்கல," என்று சொல்லிவிட்டாள்.

தமிழ்ப்பள்ளிக் கேண்டீனை நடத்துபவள் காளியம்மா. கமலவேணியைவிடப் பத்து வயது மூத்தவள். குரல் பள்ளித் திடல் தாண்டிக் கேட்கும். காலையில் பிள்ளைகளை இறக்கியதும் கமலவேணி அங்கே நின்றபடியே பால் ஊற்றாத ஒரு தே ஓ குடித்துவிட்டுப் போவது வழக்கம். ஒருநாள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துக் காளியம்மா விசாரித்தாள். கமலவேணி தயங்கித் தயங்கி நோயின் பேரைச் சொன்னாள்.

"அட, எனக்கும் அதேதான் வேணி!" காளியம்மா கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். "எத்தனை வருசமா! நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் கட்டிக்கிட்டு இருப்பேன், பாதியில ஓடுவேன். பெரிய டாக்டரு ஒரு மாத்திரை குடுத்தாரு பாரு, படுக்கப் போகும்போது ஒண்ணு. வலியும் போச்சு, ஓட்டமும் போச்சு."

காளியம்மாவுக்கு ஓடவேண்டிய கோளாறு, தனக்கு ஓடாத கோளாறு என்பது கமலவேணியின் மனதில் ஏறவில்லை. பேர் ஒன்று, வலி ஒன்று. அது போதாதா?

"அக்கா, எனக்கும் கொஞ்சம் தாங்களேன்."

காளியம்மா மறுநாளே ஓர் அட்டையைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். நல்ல மனசோடுதான் கொடுத்தாள்.

முதல் சில நாட்கள் கமலவேணிக்கு அதிசயமாக இருந்தது. பிழிகிற வலி மங்கியது, அசந்து தூங்கினாள். சேகரன்கூட, "ஒரு இடத்துல உக்கார ஆரம்பிச்சிட்டியே," என்றான். ஆனால் வாய் எப்போதும் வறண்டு கிடந்தது. வெளியே போவது சுத்தமாக நின்றுபோனது. வலி மறுபடி தலை தூக்கியதும், ஒன்று போதவில்லை என்று இரண்டாக்கினாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் துடைப்பான் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. கமலவேணிக்குத் தலைக்குள் பஞ்சு அடைத்தாற்போல இருந்தது. பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சத்தம் மெல்லத் தூரமாகப் போயிற்று.

"ஆன்ட்டி! லாரி!"

முன் இருக்கையில் இருந்த நிவேந்திரனின் குரல் அது. கண்ணைத் திறந்தபோது செம்பனைக் குலைகள் ஏற்றிய லாரி நேர் எதிரே விளக்கைப் போட்டு அலறிக்கொண்டு வந்தது. வேன் பாதி அடுத்த தடத்தில் இருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தாள். லாரி உரசாமல் தாண்டிப் போன காற்றில் வேன் குலுங்கியது. சக்கரம் ஓரப் புல்லில் இறங்கி வழுக்கி, மழைநீர் ஓடும் கால்வாய்க்குச் சற்று முன்னால் நின்றது.

யாருக்கும் அடிபடவில்லை. சின்னவள் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள். கமலவேணி ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் கையையும் காலையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். இன்னொரு வேன் ஓட்டும் விமலனுக்கு அழைத்து, "தம்பி, என் பிள்ளைங்கள வந்து ஏத்திக்க. நான் ஓட்ட மாட்டேன்," என்றாள்.

பிள்ளைகள் போனபிறகு அந்த மழையில் வேனைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். சேகரன் வேலையில் சொல்லிவிட்டு வந்து சேர்ந்தபோதும் நடந்துகொண்டேதான் இருந்தாள். அப்போதுதான் அவனிடம் மாத்திரை விஷயத்தைச் சொன்னாள். வயிற்றைப் பற்றி அவனுக்குத் தெரியாமல் வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டவில்லை. "கிளினிக்குக்குப் போவோம்," என்று மட்டும் சொன்னான்.

ஸுஹாவின் மேசையில் அந்த அட்டையை வைத்தபோது கமலவேணி நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தேன் என்றுதான் பேச்சைத் தொடங்கினாள். காளியம்மாவிடம் மாத்திரை வாங்கியதையும் தூளைக் குடிக்காததையும் சேர்த்துச் சொன்னாள்.

ஸுஹா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது கெட்ட மாத்திரை இல்ல அக்கா. அந்த அக்காவுக்கு இது சரியான மாத்திரை. அவங்களுக்குக் குடல் வேகமா ஓடுது, இது ஓட்டத்தைக் குறைக்கும், வலியையும் அடக்கும். உங்களுக்கு ஏற்கெனவே ஓட்டம் இல்ல. அதோட தூக்கம் வேற கொண்டு வரும். வண்டி ஓட்டுற ஆளுக்குக் குடுக்கணும்னா நான் ரொம்ப யோசிப்பேன்."

"அப்ப எனக்குன்னு ஸ்ட்ராங்கா ஒண்ணு இருக்கும்ல டாக்டர்? அதைக் குடுங்க. எனக்கு இது முடியணும்."

"இருக்கு. குடலைத் தள்ளிவிடுற புது மாத்திரையெல்லாம் இருக்கு. ஆனா..." ஸுஹா நாற்காலியை அருகில் இழுத்தார். "ஒண்ணு சொல்லுங்க. வரணும்னே தோண மாட்டேங்குதா? இல்ல, வாசல் வரைக்கும் வந்துட்டு வெளிய வர மாட்டேங்குதா?"

கமலவேணி சேகரனைப் பார்த்தாள். அவன் புரிந்துகொண்டு வெளியே எழுந்து போனான்.

"வந்து நிக்கும் டாக்டர். எவ்வளவு முக்கினாலும் வராது. சில நாள்... கையால அழுத்திவிடுவேன். இதை யாருகிட்டயும் சொன்னதில்ல."

"நான்தான் முதல் நாளே கேட்டிருக்கணும்," என்றார் ஸுஹா.

தாதி ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, என்ன செய்யப் போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லி, சம்மதம் கேட்டு, கையுறை மாட்டிப் பரிசோதித்தார். "இப்ப முக்குங்க," என்றார். கமலவேணி மூச்சைப் பிடித்து முக்கினாள். "இன்னொரு தடவை." முக்கினாள்.

உடையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்ததும் ஸுஹா சொன்னார்: "நீங்க முக்கும்போது அந்தத் தசை திறக்கணும். உங்களுக்கு இறுக மூடுது. உள்ளேயிருந்து தள்ளுறீங்க, அதே நேரத்துல கதவையும் நீங்களே பிடிச்சு இழுத்துச் சாத்துறீங்க."

கமலவேணியின் கை தானாக மடியில் எதையோ இழுத்துப் பிடிப்பதுபோல முடங்கியது. தோட்டத்துக் கதவைப் பற்றி அன்றுதான் முதல்முறையாக வாய்திறந்து பேசினாள். ஸுஹா குறுக்கிடாமல் கேட்டார். பழக்கம் மட்டுமே காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பிரசவம் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் பல வருஷம் அடக்கியதில் தசைக்கு விடுவதே மறந்துபோகலாம் என்றார். "இதுக்கு மருந்தை மட்டும் கூட்டிக்கிட்டே போனா வலிதான் கூடும். தசைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கணும்."

நகரத்து ஆஸ்பத்திரியில் மெல்லிய குழாயும் சின்ன பலூனும் வைத்து அளந்து பார்த்தார்கள். ஸுஹா சந்தேகப்பட்டதுதான். தேவமலர் என்ற ஃபிசியோவிடம் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அதற்குள் கமலவேணி இன்னொரு வேலையைச் செய்து முடித்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, வண்டி ஏன் பாதை மாறியது என்று பெற்றோரிடம் சொன்னாள். சிலர் மழையைக் குறை சொல்லி அவளைத் தேற்றினார்கள். நிவேந்திரனின் அம்மா தேவிஸ்ரீ தேற்றவில்லை. "சொன்னதுக்கு நன்றிக்கா. ஆனா இனிமே அவனை உங்க வண்டியில அனுப்ப எனக்கு மனசு வராது," என்றாள். கமலவேணி தலையசைத்தாள். திரும்பி நடக்கும்போது கேட்டைச் சாத்த மறந்து, மறுபடி போய்ச் சாத்திவிட்டு வந்தாள். மாத்திரையின் மயக்கம் முழுசாகத் தெளிந்து, ஓட்டலாம் என்று ஸுஹா சொல்லும்வரை விமலன்தான் இரண்டு சுற்றையும் ஓட்டினான்.

நடந்ததைக் காளியம்மாவிடமும் போய்ச் சொன்னாள். "நான்தானே குடுத்தேன்... நான்தானே..." என்று காளியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கேட்டது நான்தான்கா," என்றாள் கமலவேணி. சமாதானம் சொன்னது யாருக்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

ஃபிசியோ அறை அவளுக்குப் பெரும் சோதனையாக இருந்தது. சின்னக் கருவியொன்றைப் பொருத்திவிட்டு, கணினித் திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள் தேவமலர். தசை இறுகினால் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். கமலவேணியின் கோடு மேலேயே நின்றது.

"அக்கா, வயிறு உப்புற மாதிரி மூச்சு இழுத்து, மெதுவா விடுங்க."

"விட்டேனே."

"அது பெருமூச்சு. தோளு காதுகிட்ட இருக்கு பாருங்க. எங்கயாவது போகணுமா?"

"இல்ல..." என்றவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவமலர் எழுந்து போய்க் கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள்.

இரண்டாம் தடவை போனபோதும் கோடு அசையவில்லை. இதுவும் வேஸ்ட், வேறு இடம் பார்க்கலாம் என்று சேகரனிடம் பொருமினாள். "ஆரம்பிச்சதை இந்த ஒரு தடவையாச்சும் முடி," என்றான் அவன், வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் கடுமையாக. மூன்றாவது தடவை, பேச்சுவாக்கில் தேவமலர் தன் நாய்க்குட்டி குளிக்க மறுக்கும் கதையைச் சொன்னபோது கமலவேணி சிரித்துவிட்டாள். கோடு சடாரென்று கீழே இறங்கியது.

"அதான்! அதான் அக்கா! இப்ப உடம்பு என்ன செஞ்சிச்சு, ஞாபகம் வெச்சுக்குங்க!"

அந்த உணர்வைத் தேடிப்பிடிக்க இன்னும் பல வாரமானது. தூளைத் தினமும் சாயங்காலம் குடித்தாள். மலம் இளகியிருந்தால்தான் பயிற்சி பலிக்கும் என்று ஸுஹா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலுக்கு அடியில் ஒரு முக்காலியை வைத்து, முழங்கால் உயர, முதுகை முன்னால் சாய்த்து உட்காரக் கற்றுக்கொண்டாள். வயிறு கூப்பிட்டால் தள்ளிப்போடக் கூடாது என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. தலைமையாசிரியையிடம் போய் நேராகக் கேட்டாள். ஆசிரியர்கள் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். இடைநிலைப்பள்ளிச் சுற்றை விமலனுக்கே விட்டுக்கொடுத்தாள். அந்த வருமானம் போனது. காலை நேரம் கொஞ்சம் மிச்சமானது.

முழுசாகக் குணமாகிவிட்டது என்று ஸுஹா சொல்லவில்லை, அவளும் நினைக்கவில்லை. தீபாவளி வாரத்தில் விருந்தாளிகள் வந்து போன அமளியில் பழையபடி அடைத்துக்கொண்டது. அண்ணனின் நினைவுநாள் நெருங்கியபோது வலி வந்து இரண்டு நாள் தூங்கவிடவில்லை. வேறு மருந்து வேண்டும் என்று கிளினிக்குக்கு ஓடினாள். ஸுஹா பரிசோதித்துவிட்டு, எதையும் மாற்றாமல், பிழியும் வலிக்கு மட்டும் தேவைப்படும்போது போட ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார். முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஆனால் அடுத்த கிளினிக்கைத் தேடிப் போகவில்லை.

இப்போதும் கமலவேணி கல்யாண வீட்டில் கடைசிவரை உட்காருவதில்லை. தேவிஸ்ரீயின் மகன் வேறு வேனில் வந்து இறங்குவதைத் தினமும் பார்க்கிறாள். அவன் கை காட்டுவான், அவளும் காட்டுவாள், அன்று முழுக்க ஏதோ ஒன்று நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும்.

போன வாரம் ஒருநாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு ஆசிரியர்கள் கழிப்பறைக்குப் போனவள் வெளியே வந்தபோது, கேண்டீன் ஜன்னலிலிருந்து காளியம்மா திடலே கேட்கும்படி கூப்பிட்டாள். "என்ன வேணி, ஆச்சா?"

வரிசையில் நின்ற இரண்டு ஆசிரியைகள் திரும்பிப் பார்த்தார்கள். கமலவேணிக்கு முகம் சிவந்தது. ஓடிப்போய் வேனுக்குள் ஏறிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"ஆச்சு லா, அக்கா," என்று அதே சத்தத்தில் சொல்லிவிட்டு, தே ஓ வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.